நூத்தித்தொண்ணூத்திரெண்டு மொகம்

— செத்துப்போச்சுண்ணே.

— ஆத்தாடி! யாரு டீச்சரம்மா?

— யாருமில்ல, புரோகிராம். ஒங்க பிளக்ஸத் தொறந்துச்சு, அம்பத்தியெட்டாவது மொகத்துல செத்துப்போச்சு.

— அப்படிச் சொல்லுங்க. அம்பத்தியெட்டாவது யாரு?

— லிஸ்ட்டப் பாக்குறேன். "கொப்புளாயி, பெரிய அத்தை, செக்கானூரணி".

— அதான பாத்தேன். அது ஏறுன வண்டி எது ஊரு போய்ச் சேந்துருக்கு?

— கருத்தக்கண்ணன்ண்ணே, கொஞ்சம் மூச்சு விடுங்க. மொத்தம் எத்தன மொகம் குடுத்திருக்கீங்க?

— நூத்தித்தொண்ணூத்திரெண்டு. எம்பக்கம் தொண்ணூத்தாறு, எம் பொண்டாட்டி ஒச்சம்மா பக்கம் தொண்ணூத்தாறு. ஒன்னு கூடல, ஒன்னு கொறையல. ரெண்டு வீட்டு ஆளும் உக்காந்து மூணு நாளு எண்ணுனாக.

— ஒரு காதுகுத்துக்கா?

— கீழக்குயில்குடியில காதுகுத்துன்னா சும்மாவா? மொகம் இல்லாதவன் விசேசத்துக்கு வரமாட்டான். வந்தாலும் சாப்பிடமாட்டான். சாப்பிட்டாலும் உப்பு இல்லம்பான்.

— சரிண்ணே, அது இருக்கட்டும். போட்டோ ஒவ்வொன்னும் ஏன் இம்புட்டுப் பெருசு?

— ஒரே ஸ்டூடியோக்காரர வச்சு ஊரு ஊராப் போய் எடுத்தது. ஒரே கேமரா, ஒரே வெளிச்சம். கேமரா மாறுச்சுன்னா ஒருத்தரு செவப்பா விழுவாரு, ஒருத்தரு கருப்பா விழுவாரு. அதுல ஒரு சண்ட எந்திரிக்கும்.

— ஏசுவே. ஒன்னு செய்யலாம். எல்லாப் போட்டோவையும் சின்னதாக் கொறச்சுக்கிறேன். போர்டுல பாத்தா கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பத்து நிமிசத்துல முடிஞ்சிரும்.

— கொறைக்கவா?

— ஆமா.

— இத நீங்க சொல்லியிருக்கக் கூடாது.

— எத?

— நீங்களாக் கமுக்கமாக் கொறச்சிருந்தா எனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்குள்ள கால வச்சதும் ஒச்சம்மா கேப்பா, எங்க ஆளுகளக் கொறச்சியான்னு. நான் இல்லம்பேன். எம் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவா. வளைகாப்புக்குப் பட்ட பாடே போதும் சாமி.

— வளைகாப்புல என்னாச்சு?

— ஆறு வருசம் ஆச்சு. ஒச்சம்மா மாசமா இருந்தா. வளைகாப்புக்கு ஒரு பிளக்ஸ் அடிச்சு ஊரு எல்லையில கட்டுனேன். அதுல எம் மச்சான் தமிழ்மாறன் மொகம் விட்டுப்போச்சு. மறந்துட்டேன், அம்புட்டுத்தான். ஒச்சம்மாவுக்கு அவரு ஒரே அண்ணன். கம்பம் டவுன்ல இருந்து வளையல் தட்டோட வந்தவரு, பஸ்ஸ விட்டு எறங்குனாரு, போர்ட அண்ணாந்து பாத்தாரு. எங்கிட்டாச்சும் நாம இருக்கமான்னு இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம். அம்புட்டுத்தான். தட்ட டீக்கடையில குடுத்துட்டு அடுத்த பஸ் ஏறிட்டாரு.

— அப்பறம் பேசவே இல்லியா?

— இல்ல. புள்ளைக்கு அஞ்சு வயசாச்சு, அவரு இன்னும் எங்க வாசல மிதிக்கல. தாய்மாமன் மடியில உக்கார வைக்காமப் புள்ளைக்குக் காது குத்த முடியுமா? நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு விசேசம். பெரிய மனுசங்க நடையா நடந்து பேசி, கடைசியா ஒரு வார்த்த சொல்லியிருக்காரு. பிளக்ஸப் படம் பிடிச்சு அனுப்பு, பாத்துட்டு அஞ்சு மணி பஸ் ஏறுறதா வேணாமான்னு சொல்றேன்னு.

— இப்ப மணி மூணு.

— அதான் ஆரப்பாளையத்துல இத்தன கட இருக்க, ஒங்ககிட்ட ஓடியாந்தேன். ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சரா இருந்தவுக, ஐரின் டீச்சர் கை வச்சா வேல முடிஞ்ச மாதிரின்னு சொன்னாக.

— சொன்னவங்க இந்த மெஷினப் பாத்ததில்ல. சரி, கொறைக்காமலே பாப்போம். மொதல்ல லிமிட்ட எடுக்கணும்.

— என்ன லிமிட்டு?

— நான் போட்டதுதான். இந்த டிசைன் புரோகிராம் ஆறு ஜிபிக்கு மேல மெமரி கேட்டா, இல்லன்னு சொல்லிருன்னு கெர்னலுக்கு எழுதி வச்சிருக்கேன்.

— கெர்னலுன்னா?

— கம்ப்யூட்டர் உள்ள எல்லாத்தையும் மேய்க்கிறது அதுதான். யாருக்கு எம்புட்டு எடம், யாரு காத்திருக்கணும், யாரு வெளிய போகணும், எல்லாம் அது வைக்கிறதுதான் சட்டம்.

— அப்ப எங்க வெங்காய மண்டி மேஸ்திரி மாதிரி. அவருக்கு எதுக்குக் கையக் கட்டிப் போட்டீக?

— போன மாசம் ஒரு கட்சி பிளக்ஸ் வந்துச்சு, அறுபது அடி. பாதி ஓடிக்கிட்டு இருக்கும்போது டிசைன் புரோகிராம் மொத்த மெமரியையும் விழுங்கிருச்சு. மெஷின் அப்படியே நின்னுபோச்சு. தலைவரு கழுத்தோட நின்னுட்டாரு.

— கழுத்துக்கு மேலயா, கீழயா?

— கீழதான். கால்ல இருந்து அடிச்சோம்.

— அய்யய்யோ! தலையில்லாமயா?

— வெள்ள வேட்டி, ரெண்டு கையும் கும்பிட்டபடி, மேல ஒன்னுமில்ல. கட்சிக்காரங்க நாப்பது பேரு வந்து வாசல்ல நின்னாங்க. அன்னைக்குப் போட்ட லிமிட்டுண்ணே அது.

— போட வேண்டியதுதான். ஆனா இன்னைக்கு எடுத்துருங்க.

— எடுத்தாச்சு. "அளவில்ல"ன்னு அடிச்சுட்டேன். இனி எம்புட்டுக் கேட்டாலும் கெர்னல் தர்றேன்னு சொல்லிரும்.

— அம்புட்டு எடம் இருக்கா அவருட்ட?

— இல்ல. ரேம் எட்டு ஜிபிதான். ஆனா இருக்கிறதுக்கு மேலயும் தர்றேன்னு வாக்குக் குடுக்கும். எல்லாரும் ஒரே நேரத்துல வந்து கேக்கமாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை.

— நானும் அப்படித்தான் பத்திரிகை வச்சேன். மண்டபத்துல முந்நூறு பேரு உக்காரலாம். ஆயிரத்தி இருநூறு பத்திரிகை வச்சுருக்கேன்.

— எல்லாரும் வந்துட்டா?

— வரமாட்டாக.

— வந்துட்டாண்ணே?

— டீச்சரம்மா, நீங்க வேலையப் பாருங்க.

— ஓடுது, பாருங்க. அம்பத்தியெட்டுத் தாண்டிருச்சு.

— கொப்புளாயி அத்த ஏறிருச்சா! இனிமே எதுவும் நிக்காது.

— எழுவது... எம்பது... தொண்ணூறு... ஐயோ, மவுஸ் நகரல.

— அந்தச் செவப்பு லைட்டு மட்டும் கண்ணச் சிமிட்டிக்கிட்டே இருக்கு?

— அது ஹார்ட் டிஸ்க். ரேம் நெறஞ்சுபோச்சு. நெறஞ்சதும் கெர்னல் என்ன செய்யும்னா, உள்ள இருக்கிறதச் சின்னச் சின்னப் பக்கமாப் பிரிச்சு, இப்பத் தேவைப்படாத பக்கத்தக் கொண்டுபோய் டிஸ்க்ல வச்சிரும். கேட்டா மறுபடி எடுத்துட்டு வரும்.

— முன்னாடி கடை, பின்னாடி கிட்டங்கி.

— கிட்டங்கின்னா குடோன்தான? ஆமா, அதேதான்.

— கடையில எம்பது மூட்ட பிடிக்கும். எம்பத்தொன்னாவது வந்தா, ஒன்னக் கிட்டங்கிக்குத் தூக்கணும். யாவாரி கேட்டா திரும்பத் தூக்கியாரணும். இருவத்திரெண்டு வருசமா எம் முதுகு அதத்தான் செய்யுது. எனக்கே தெரியாம நான் கெர்னலா இருந்துருக்கேன். இப்ப அவரு என்ன செய்யிறாரு?

— தொண்ணூத்தொன்னாவது மொகத்துக்கு எடம் வேணும்னு மொத மொகத்த டிஸ்க்ல வைக்கிறாரு. வச்ச ஒடனே புரோகிராம் அந்த மொத மொகத்தக் கேக்குது. அதத் தூக்கிட்டு வர்றதுக்கு ரெண்டாவத உள்ள வைக்கிறாரு. ஒடனே ரெண்டாவது எங்கங்குது. பாருங்க, இப்ப நானே அவருங்கறேன்.

— அட பாவமே. தூக்குறதும் எறக்குறதுமாவே இருக்காரு, யாவாரம் நடக்கல.

— நடக்காது. பாதி நாளு இப்படியே ஓடும்.

— மத்தியானம் சாப்ட்டாரா அவரு?

— அண்ணே.

— இல்ல, மனசு கேக்கல. கேட்டேன்.

— போச்சு! கொன்னுருச்சு.

— யாரு யார?

— டிஸ்க்ல ஒதுக்கி வச்ச எடமும் முடிஞ்சா கெர்னல் ஒரு முடிவுக்கு வந்துரும். ஓடுறதுல எவன் பெரிய எடத்த அடைச்சிருக்கான்னு பாத்து, அவன ஒரே போடு. இப்பப் போட்டது நம்ம டிசைன் புரோகிராம. மத்தவங்க பொழைக்கணும்ல.

— நல்ல மேஸ்திரி. எங்க மண்டியில நெருக்கடின்னா சின்ன ஆளத்தான் மொதல்ல நிறுத்துவாக.

— எவனத் தொடக் கூடாதுன்னு நம்பர் போட்டும் வைக்கலாம். பிளக்ஸ் அடிக்கிற புரோகிராமுக்குப் போட்டு வச்சிருக்கேன், எந்த நெலமையிலயும் அதக் கொல்லாதுன்னு.

— அந்த நம்பரு எனக்கும் ஒன்னு போட்டுத் தாங்க. சட்டப் பையில ஒட்டிக்கிறேன், ஒச்சம்மா கண்ணுல படுற மாதிரி. இந்தா, நெனச்சேன், அவதான் கூப்பிடுறா. சொல்லுத்தா... முடியப்போகுது... இல்ல, ஒருத்தரையும் கொறைக்கல... சத்தியமா... ஒங்கண்ணன் நடுவுலதான், பெருசாத்தான்... செத்துச்சுன்னு யாரு சொன்னா? அது புரோகிராமு... அழுகாத... அழுகாதங்கறேன்ல. அவரு வருவாரு. வையி.

— அழுகுறாங்களா?

— நாளைக்குக் கட்டுற சேலைய இன்னும் பொட்டிய விட்டு எடுக்கலயாம். அண்ணன் வந்தாத்தான் கட்டுவேன்னு உக்காந்துருக்கா. வெளிய பந்தல் போடுறவுகளுக்குக் காப்பி குடுக்கக் கூட எந்திரிக்கலியாம். டீச்சரம்மா, இன்னும் கொஞ்சம் ரேமு வாங்கிப் போட்டா என்ன? ஒங்க முதலாளி ஒன்னும் ஏழ இல்லியே.

— கேட்டேன். "ஓடுதுல்ல"ன்னாரு.

— எங்க தள்ளுவண்டிக்கும் அதான் சொன்னாரு எங்க முதலாளி. அப்ப அதுக்கு மூணு சக்கரம்தான் இருந்துச்சு.

— இன்னும் ஒரு வழி இருக்கு. டிஸ்க்ல ஒங்க கிட்டங்கியப் பெருசாக்கலாம். இப்ப ரெண்டு ஜிபி ஒதுக்கியிருக்கேன். பன்னெண்டாக்குனா ரேமோட சேத்து இருவது. ஒங்க ஆளுங்க மொத்தமும் பத்தொம்பதுக்குள்ள அடங்கிருவாங்க.

— பெறகென்ன, ஆக்குங்க.

— டிஸ்க்ல எடமில்லண்ணே. அடிச்ச பிளக்ஸ் எல்லாம் அடைஞ்சு கெடக்கு. பத்து ஜிபிக்கு அழிக்கணும். வாசிக்கிறேன், சொல்லுங்க. "மாவட்டப் பொருளாளர் பிறந்தநாள்".

— அவரு இப்ப எந்தக் கட்சி?

— தெரியலையே.

— அவருக்கே தெரியாது. தூக்குங்க.

— "கபடிக் குழுவுக்கு வாழ்த்துகள்".

— செயிச்சானுகளா?

— "கலந்துகொண்டமைக்கு"ன்னு போட்டிருக்கு.

— தூக்குங்க.

— "கண்ணீர் அஞ்சலி, பாண்டியம்மாள்".

— அது கெடக்கட்டும்.

— தெரிஞ்சவங்களா?

— இல்ல. ஒரு தரம் போனவுகள மறுபடி எதுக்குப் போகச் சொல்லணும்.

— "புதிய பேன்சி ஸ்டோர் திறப்பு விழா".

— அது மூடியே ரெண்டு வருசம் ஆச்சு. தூக்குங்க.

— "மணமக்கள் பெனடிக்ட், ஜெனி, நீடூழி வாழ்க".

— ஒங்க ஆளுகளா? அது ஒங்க இஷ்டம்.

— பெனடிக்ட் எங்க சித்தப்பா மகன். பிளக்ஸ என்னைய அடிக்கச் சொன்னான். கல்யாணத்துக்கு எனக்கு ஒரு பத்திரிகை வைக்கல.

— தூக்குவீகளா, மாட்டீகளா?

— "நிச்சயமா அழிக்கணுமா?"ன்னு கேக்குது.

— என்ன சொன்னீக?

— ஆமான்னு ரெண்டு தரம் அடிச்சேன்.

— அது! இப்ப எடம் வந்துச்சா?

— வந்துருச்சு. பன்னெண்டு ஜிபி ஒதுக்கியாச்சு. லிமிட்ட மறுபடி போடுறேன், பத்தொம்பது.

— இருவதுன்னீக?

— ஒன்ன கெர்னலுக்கும் பிரிண்டருக்கும் விட்டு வைக்கணும்ல. எல்லாத்தையும் வாரிக் குடுத்துட்டா அவரு எங்க நின்னு வேல பாப்பாரு?

— சரிதான். நாங்களும் நடக்க ஒரு சந்து விட்டுத்தான் மூட்டைய அடுக்குவோம். ஒருக்கா விடாம அடுக்கிட்டு, உள்ள நின்னவன வெளிய எடுக்கப் பொழுது விடிஞ்சு பொழுது போச்சு.

— இப்பத் தொறக்குறேன்.

— இருங்க, இருங்க. மறுபடி தொண்ணூறுல அவரு அதே மூட்டையத் தூக்கி எறக்க ஆரம்பிச்சா அஞ்சு மணி ஆயிரும்ல? இப்ப நீங்க எந்த வரிசையில போடுறீக?

— ஒங்க பக்கம் ஒரு மொகம், ஒங்க வீட்டம்மா பக்கம் ஒரு மொகம். மாத்தி மாத்தி. நீங்கதான் சொன்னீங்க, யாரும் முன்ன பின்னன்னு சொல்லிறக் கூடாதுன்னு.

— பாக்குறப்ப மாத்தி மாத்தி இருந்தாப் போதும். தூக்குறப்ப யாரு பாக்கா? பத்துப் பேரு பத்துப் பேரா எடுங்க. அந்தப் பத்தையும் வச்சு முடிங்க, கிட்டங்கிக்கு அனுப்புங்க, திரும்பிப் பாக்காதீக. அடுத்த பத்து. மொத்தப் போர்டையும் நடுவுல நடுவுல திரையில காட்டு காட்டுன்னு அவரக் கூப்பிடாதீக. ஒரு மூட்டைய ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் தூக்கணும். ரெண்டாந்தரம் தூக்குனா அது வேல இல்ல, தண்டன.

— அண்ணே, இது... இது சரியா வரும்ண்ணே. முழுப் பார்வைய மூடிட்டுப் பகுதி பகுதியாப் போடலாம். எனக்கு ஏன் தோணல?

— ஒங்களுக்கு முதுகு வலிச்சதில்ல, அம்புட்டுத்தான்.

— இப்பப் பாருங்க. அம்பது. எண்ணிக்கிட்டே இருங்க.

— லைட்டு எப்பயாச்சும்தான் சிமிட்டுது. ஆசுவாசமா வேல பாக்குறாரு மனுசன்.

— நூறு தாண்டியாச்சு. மணி என்ன?

— மூணே முக்கா. போடுங்க, போடுங்க. பேசாதீக. நானும் பேசல.

— பேசிக்கிட்டேதான் இருக்கீங்க. நூத்தி அம்பது. பதினஞ்சு ஜிபி.

— மச்சான் வந்துட்டாரா உள்ள?

— அவரக் கடைசியா நடுவுல வைக்கப்போறேன். மத்தவங்களவிட எட்டு மடங்கு பெருசாத் தெரியணும்னீங்கல்ல. நூத்தித்தொண்ணூறு... தொண்ணூத்தொன்னு... பதினெட்டே முக்காலத் தாண்டிருச்சு. ஏசுவே, ஏசுவே... வந்துட்டாரு! பத்தொம்பதத் தொட்டுக்கிட்டு நிக்குது. இனி ஒரு தூசி விழுந்தாக்கூடத் தாங்காது.

— ஆத்தா மீனாட்சி! எம்புட்டுக் கம்பீரமா இருக்காரு பாருங்க. மீசைய ஒவ்வொரு முடியா எண்ணலாம். மேல என்ன எழுதியிருக்கீக?

— "எங்கள் இல்லச் செல்வம் மகிழினியின் காதணி விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் வரவேற்கிறோம்".

— அனுப்புங்க. அவரு நம்பரு இதுதான். மணி நாலேகால், முக்கா மணி நேரம் மிச்சம். இனி ஒரு பய என்னைய ஒன்னும் சொல்ல முடியாது.

— போயிருச்சு. ரெண்டு டிக். நீலமாயிருச்சு, பாத்துட்டாரு.

— பாத்துட்டாரா? ஒன்னும் சொல்லலியே. அஞ்சு நிமிசம் ஆச்சு. பத்து நிமிசம் ஆச்சு டீச்சரம்மா. மீச எதுவும் கோணிக்கிட்டு இருக்கா?

— போன் அடிக்குது பாருங்க. அவருதான்.

— ஸ்பீக்கர்ல போடுங்க, நீங்களும் கேளுங்க. மச்சான்! நான் கருத்தக்கண்ணன். படம் வந்துச்சா?

— வந்துச்சு மாப்ள.

— நடுவுலதான் வச்சுருக்கேன் மச்சான். பெருசா. ஒரு புள்ளி கொறைக்கல.

— பாத்தேன்டா. கோயில் யானை மாதிரி நிக்கிறேன்.

— புடிக்கலியா மச்சான்?

— அதச் சொல்லல. கால் மணி நேரமா ஒவ்வொரு மொகமா இழுத்துப் பெருசாக்கிப் பாத்துக்கிட்டு இருக்கேன். கொப்புளாயி இருக்கு. எங்க சித்தப்பன் இருக்கான். அஞ்சாப்புல எங் கையக் கடிச்சானே, அந்தப் பயகூட இருக்கான். நான் தேடுற ஆளத்தான் காணோம்.

— இருக்காது மச்சான். ரெண்டு பக்கமும் தொண்ணூத்தாறு. நானே மூணு தரம் எண்ணுனேன். யாரு விட்டுப்போச்சு, சொல்லுங்க?

— மகிழினி எங்கடா?

— டீச்சரம்மா...

— நீங்க குடுத்த லிஸ்ட்டுல அந்தப் புள்ள இல்லண்ணே. பேரு மட்டும்தான் மேல எழுதச் சொன்னீங்க.

— நீங்களாச்சும் கேட்டுருக்கக் கூடாதா?

— நான் மெமரியப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க பெத்தவரு.

— மூணு நாளு எண்ணுனோமே. எங்க பக்கம் எண்ணுனவுக அவ ஒச்சம்மா பக்கம்னு விட்டுட்டாக. ஒச்சம்மா பக்கத்துக்காரவுக அவ எங்க பக்கம்னு விட்டுட்டாக. மச்சான், தப்பு நடந்துபோச்சு. இந்தா, இப்பவே சேக்கச் சொல்றேன்.

— சேக்க முடியாதுண்ணே. லிமிட்டத் தொட்டு நிக்குது, இன்னொரு மொகம் வந்தா மொத்தமும் போயிரும். யாரையாச்சும் ஒருத்தர எடுத்தாத்தான் எடம்.

— எம்பக்கம் எடுத்தா நாங்க தொண்ணூத்தஞ்சு. அவுக பக்கம் எடுத்தா... மச்சான், கொப்புளாயி அத்தைய எடுத்துரவா?

— எடுத்துப் பாரு. பந்தக்கால்லயே சாஞ்சு உக்காந்து ஊரக் கூட்டி அழுகும். என்னைய எடு.

— மச்சான்!

— நடுவுல நிக்கிற யானைய வெளிய எடுத்துட்டு அந்த எடத்துல புள்ளயப் போடு. அம்மா, டீச்சரம்மா, நீங்க போடுங்க. அவன் பேச்சக் கேக்காதீங்க.

— வேணாம் மச்சான். ஒங்க மொகம் இல்லாமத்தான ஆறு வருசம் அவ அழுதா. இதுலயும் நீங்க இல்லேன்னா ஒச்சம்மாவுக்கு நான் என்ன சொல்லுவேன்? நீங்க அஞ்சு மணி பஸ் ஏறலேன்னா...

— அடேய், ஹாரன் சத்தம் காதுல விழலியா ஒனக்கு? நான் மத்தியானமே ஏறிட்டேன், வண்டி ஆண்டிபட்டி தாண்டியாச்சு. சீக்கிரம் புள்ள மொகத்த அனுப்புடா, எறங்குனதும் ஓடியார்ற புள்ளைகள்ல எதத் தூக்குறதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?